பத்தாவது பலி வேண்டாம்

வணக்கம், அன்பான நேயர்களே.

ஜேர்மனியின் டோட்முண்ட் நகரில், வடக்குப் பகுதியில் மல்லிங்க்ரோட் வீதி என்று ஒரு நீண்ட வீதி இருக்கிறது. ரொட்டிக் கடை, தேநீர்க் கடை, கைபேசி திருத்துகிற கடை என்று பல நாட்டுச் சனங்களும் புழங்குகிற வீதி. அதில் 190ஆம் இலக்கக் கட்டடத்துக்கு முன்னால், நடைபாதையிலே, ஒரு நினைவுக்கல் உண்டு. மெஹ்மெட் குபாஷிக் என்ற பெயர் அதில் பொறித்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி, தன்னுடைய சின்னக் கடையில் நின்றுகொண்டிருந்த அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 39. மூன்று பிள்ளைகளின் தகப்பன். இரண்டு நாள் கழித்து, 6ஆம் திகதி, காஸல் நகரத்தில் ஓர் இணையக் கடையில் ஹாலிட் யோஸ்காட் என்ற 21 வயது இளைஞர் கொல்லப்பட்டார். கடைக்கு வந்த தகப்பன்தான் மகனை மேசைக்குப் பின்னால் கண்டார். அவருடைய கைகளில் கிடந்தபடிதான் மகனின் உயிர் போனது. இரண்டு கொலைக்கும் ஒரே கைத்துப்பாக்கி. அதற்கு முன் ஏழு பேரைக் கொன்றதும் அதே துப்பாக்கிதான்.

வெள்ளை இன மேலாதிக்கக் குழுக்களால் சமூகத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று பேசத்தான் என்னை இன்று அழைத்திருக்கிறார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு மொழி படித்து, அலுவலகங்களிலும் பொலிஸ் நிலையங்களிலும் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்தேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இருக்கிற தகுதி அவ்வளவுதான். ஆனால் பொலிஸ்காரர் கேட்பதையும் பாதிக்கப்பட்டவர் சொல்வதையும் நடுவில் இருந்து கேட்டவன் என்பதால், சில விஷயங்களை என்னால் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். ஜேர்மனியின் உள்நாட்டு உளவுத்துறை 2023ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்கின்படி நாட்டில் தீவிர வலதுசாரிகள் 40,600 பேர். அதில் வன்முறைக்குத் தயாரானவர்கள் 14,500 பேர். நாட்டின் சனத்தொகை 8 கோடி 40 லட்சம். இரண்டாயிரம் பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இவ்வளவுதானா? இதற்கா இத்தனை பயம்?" என்று ஒருவர் கேட்டால் அதில் பிழையில்லை. வீதி விபத்தில் ஒரு வருஷத்தில் சாகிறவர்கள் இவர்கள் கையால் சாகிறவர்களைவிட எத்தனையோ மடங்கு அதிகம்.

சரி, ஆனால் அந்த இரண்டாயிரத்தில் ஒருவர் தனியாக நிற்பதில்லை. அவருக்குப் பக்கத்தில் கைதட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்டும் காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். இதை நான் 1992இல் என் கண்ணால் பார்த்தேன், தொலைக்காட்சியில்.

அப்போது நான் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஹைம் என்று நாங்கள் சொல்கிற அகதி விடுதியில் இருந்தேன். ஓர் அறையில் ஆறு பேர். எல்லோரும் அசூல் என்கிற அகதித் தஞ்ச முடிவுக்குக் காத்திருந்தவர்கள். கீழே பொது அறையில் ஒரு பழைய தொலைக்காட்சி. ஓகஸ்ட் மாதக் கடைசியில் அதில் ரொஸ்டொக் நகரம் வந்தது. லிச்டன்ஹாகன் என்ற குடியிருப்பில், சுவரில் சூரியகாந்திப் பூ வரைந்த ஒரு பதினொரு மாடிக் கட்டடம். அகதிகளும் வியட்நாமியத் தொழிலாளர்களும் அங்கே இருந்தார்கள். நாள்கணக்காக இளைஞர்கள் கல்லெறிந்தார்கள், பெற்றோல் போத்தல் எறிந்தார்கள். மூன்றாம் நாள் அகதிகளைப் பஸ்ஸில் ஏற்றி வேறிடம் கொண்டுபோனார்கள். வியட்நாமியர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். அன்று இரவு பொலிஸ் பின்வாங்கியது. கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். நூறு பேருக்கு மேல் உள்ளே இருந்தார்கள். கூரை வழியாக ஏறித் தப்பினார்கள். ஒருவரும் சாகவில்லை என்றால் அது அவர்களுடைய கெட்டித்தனம்.

எங்களை உலுக்கியது அந்தத் தீயைவிட, கீழே நின்ற கூட்டம். ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்கள் நின்று கைதட்டினார்கள். கல்லெறிந்தவன் நாஜி என்று சொல்லலாம். கைதட்டியவரை என்னவென்று சொல்வது? அவர் அடுத்த நாள் வேலைக்குப் போயிருப்பார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டிருப்பார்.

எங்கள் ஹைமில் 83இல் கொழும்பில் வீடு எரிந்ததைப் பார்த்துவிட்டு வந்த ஓர் அண்ணர் இருந்தார். அந்தக் கிழமை முழுக்க அவர்தான் எங்களுக்குக் காவல் முறை போட்டுத் தந்தார். இரண்டு இரண்டு பேராக, வாளித் தண்ணீரும் நனைத்த கம்பளியும் வைத்துக்கொண்டு படிக்கட்டில் இருப்போம். "தம்பி, சப்பாத்தைக் கழற்றாமல் படு" என்பார். நான் பல மாதம் சப்பாத்தோடுதான் படுத்தேன். எங்கள் ஹைமுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் ஒரு ஜன்னல் உடைந்தது, அவ்வளவுதான். ஆனால் ஆபத்தை அளக்கிறவர்கள் அந்தச் சப்பாத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த நவம்பரில் மொல்ன் என்ற ஊரில் ஒரு துருக்கிக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்து ஒரு பெண்ணையும் இரண்டு சிறுமிகளையும் கொன்றார்கள். அரசியல்வாதிகள் வருந்தினார்கள், மக்கள் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, லட்சக்கணக்கில் நின்றார்கள். ஆனால் பாராளுமன்றத்தில் என்ன நடந்தது? 1993 மே 26ஆம் திகதி அரசியலமைப்பைத் திருத்தி அசூல் உரிமையைச் சுருக்கினார்கள். பாதுகாப்பான மூன்றாவது நாட்டின் வழியாக வந்தவருக்கு இங்கே அந்த உரிமையை இனிமேல் கேட்க முடியாது என்றார்கள். தரை வழியாக வந்த எல்லோருக்கும் அது பொருந்தும், நம்மவர்களுக்கும். அப்போது ஹைமில் நாங்கள் பேசிக்கொண்டது இதுதான்: எரித்தவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது. மூன்று நாள் கழித்து, 29ஆம் திகதி அதிகாலை, சோலிங்கன் நகரத்தில் இன்னொரு துருக்கிக் குடும்பத்தின் வீடு எரிந்தது. ஐந்து பெண்கள் இறந்தார்கள். அதில் மூவர் சிறுமிகள், கடைசிக் குழந்தைக்கு வயது 4.

அந்த வருஷங்களில் கிழக்கே ஜேனா நகரத்தில் மூன்று பதின்ம வயதினர் வளர்ந்துகொண்டிருந்தார்கள். ஊவே முண்ட்லோஸ், ஊவே பொன்ஹார்ட், பியாற்ற ஷேப்ப. பொலிஸ் பின்வாங்குவதையும், சனம் கைதட்டுவதையும், சட்டம் மாறுவதையும் அவர்களும் பார்த்துத்தானே வளர்ந்தார்கள். 1998 ஜனவரியில் அவர்களுடைய கராஜ் ஒன்றைப் பொலிஸ் சோதித்தபோது குழாய்க் குண்டுகளும் வெடிமருந்தும் கிடைத்தன. பொலிஸ் அங்கே நிற்கும்போதே ஒருவர் காரில் ஏறிப் போய்விட்டார். மூவரும் தலைமறைவானார்கள். தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் தேசிய சோசலிசத் தலைமறைவுக் குழு. வங்கிகளைக் கொள்ளையடித்துச் செலவு பார்த்துக்கொண்டு, பதின்மூன்று வருஷம் இந்த நாட்டுக்குள்ளேயே வாழ்ந்தார்கள். விடுமுறைக்குக் கடற்கரைக்குக்கூடப் போனார்கள்.

அவர்கள் முதலில் கொன்றது என்வர் ஷிம்ஷெக் என்ற பூ வியாபாரியை. 2000 செப்டெம்பர் 9, நியூரம்பெர்க் நகர ஓரத்தில் ஒரு தெருவில் சுட்டார்கள், இரண்டு நாள் கழித்து இறந்தார். வழக்கமாக அங்கே பூ விற்பவர் விடுமுறையில் போயிருந்ததால் அன்று அவரே வந்து நின்றார். பிறகு தையல் கடைக்காரர், காய்கறிக் கடைக்காரர்கள், டோனர் என்கிற துருக்கி இறைச்சி ரொட்டி விற்கிற கடையில் நின்றவர்கள், சாவி வெட்டுகிறவர். எட்டுப் பேர் துருக்கியிலிருந்து வந்த குடும்பங்கள், ஒருவர் கிரேக்கர். பத்தாவதாக, 2007இல், மிஷேல் கீசெவெட்டர் என்ற 22 வயதுப் பொலிஸ்காரி. நடுவில் கொலோன் நகரத்தில் இரண்டு குண்டுகள். அதில் 2004 ஜூன் மாதம் கொய்ப் வீதியில் சைக்கிளில் வைத்த ஆணிக்குண்டு 22 பேரைக் காயப்படுத்தியது. நூற்றுக்கணக்கான ஆணிகள், ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். அந்த வீதி முழுக்கத் துருக்கிக் கடைகள். அடுத்த நாளே உள்துறை அமைச்சர், இதில் பயங்கரவாதப் பின்னணி தெரியவில்லை, குற்றவாளிகளின் வட்டாரத்தைத்தான் இது காட்டுகிறது என்றார்.

நான் இன்று இங்கே வந்ததே அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான்.

பொலிஸ் இந்தக் கொலைகளை விசாரிக்காமல் விடவில்லை. பெரிய படையே போட்டு விசாரித்தார்கள். அந்தப் படைக்கு வைத்த பெயர் பொஸ்போரஸ், துருக்கியில் உள்ள நீரிணையின் பெயர். பெயரிலேயே விடையை எழுதிவிட்டுத்தான் தேடத் தொடங்கினார்கள். கடனா, போதைப் பொருளா, மாஃபியாவா, கள்ளத் தொடர்பா? ஷிம்ஷெக்கின் மனைவிக்கு ஒரு பொன்னிற முடிக்காரியின் படத்தைக் காட்டி, இவள்தான் உன் கணவனின் வைப்பாட்டி என்று பொய் சொன்னார்கள், அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்க. மெஹ்மெட் குபாஷிக்கின் வீட்டில் நாய்களை விட்டுப் போதைப் பொருள் தேடினார்கள். மாஃபியா வந்து பணம் கேட்கிறதா என்று பார்க்கப் பொலிஸே ஒரு டோனர் கடையை மாதக்கணக்கில் நடத்தியது. ஹாம்பர்க் கொலைக்கு, ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஒருவரிடம்கூடக் கேட்டார்கள். ஆவியிடம் கேட்டவர்கள், நாஜியாக இருக்குமோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது என்று குடும்பங்கள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பத்திரிகைகள் இதற்கு டோனர் கொலைகள் என்று பெயர் வைத்தன. இறந்த ஒன்பது மனிதரையும் ஒரு சாப்பாட்டுச் சாமானாக்கிய சொல் அது. உண்மை வெளிவந்த பிறகு, 2011ஆம் ஆண்டின் மிகக் கேவலமான சொல் என்று மொழியறிஞர்கள் அதைத் தெரிவு செய்தார்கள்.

2006இல் மியூனிக்கில் ஒரு குற்ற ஆய்வாளர், துருக்கியரை வெறுக்கிற ஒருவரோ இருவரோ இதைச் செய்திருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அது எடுபடவில்லை. அடுத்த வருஷம் வேறொரு மாநிலப் பொலிஸ் எழுதிய ஆய்வு சொன்னது வேறு: எங்கள் பண்பாட்டில் மனிதக் கொலை பெரிய விலக்கு, ஆகவே கொலையாளி இங்கத்தைய ஒழுக்க முறைக்கு வெகு தூரத்தில் இருப்பவன். நேயர்களே, இதை எழுதியது ஜேர்மனியில். இருபதாம் நூற்றாண்டில் இந்த நாடு என்ன செய்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

இதையெல்லாம் வாசித்தபோது எனக்கு ஒரு பழைய நாள் ஞாபகம் வந்தது. எங்கள் ஆள் ஒருவருடைய கடைக் கண்ணாடியை இரவில் உடைத்து, கதவில் நாஜிச் சின்னம் கீறியிருந்தார்கள். ஊரையும் நிலையத்தையும் சொல்லவில்லை. மொழிபெயர்க்க நான் போனேன். விசாரித்தவர் மரியாதையான மனிதர். கோப்பி தந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்குத் தமிழர்களுக்குள் யாரோடு பகை?" அடுத்தது, யாருக்காவது காசு கொடுக்க வேண்டியிருக்கிறதா? அதற்கடுத்தது, இயக்கத்துக்கு ஏதும் கட்ட மறுத்தீர்களா? கதவில் கீறியிருந்த சின்னத்தைப் பற்றிக் கடைசியில்தான் கேட்டார், அதுவும் அது என்ன நிற மை என்று. நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். என் வேலை அது. வெளியே வந்ததும் அந்த அண்ணர் சொன்னார், "தம்பி, கண்ணாடி உடைந்தது எனக்கு. விசாரணையும் எனக்குத்தான்." பிறகு வேறெதற்கும் அவர் பொலிஸுக்குப் போகவில்லை. அன்று நான் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

ஒரு கண்ணாடிக்கே அப்படியென்றால், தகப்பனைப் பறிகொடுத்த வீட்டில் எப்படி இருந்திருக்கும்? ஷிம்ஷெக்கின் மகள் செமியாவுக்குத் தகப்பன் சுடப்பட்டபோது வயது 14. உறவினர் விலகினார்கள், அயலவர் குசுகுசுத்தார்கள், தாய் நோயாளியானார். 2012 பெப்ரவரியில் பேர்லினில் நடந்த அரச நினைவு நிகழ்வில் செமியா பேசினார். பதினொரு வருஷமாக எங்களால் நிம்மதியான மனச்சாட்சியோடு பாதிக்கப்பட்டவர்களாக இருக்கக்கூட முடியவில்லை என்றார். அன்று நாட்டின் சான்சலராக இருந்த அங்கல மெர்கல் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். மூன்று பேர் துப்பாக்கியோடு செய்ததில் பாதிதான் கொலை. மிச்சப் பாதியை, அந்தப் பதினொரு வருஷத்தை, அவர்கள் தாங்களாகச் செய்யவில்லை. மற்றவர்கள் அவர்களுக்காகச் செய்து கொடுத்தார்கள். யாரும் நாஜி இல்லை. சம்பளம் வாங்கி, சட்டப்படி வேலை பார்த்தவர்கள்தான்.

இன்னொன்றையும் கேளுங்கள். ஹாலிட் கொல்லப்பட்டு ஒரு மாதம் கழித்து, 2006 மே 6ஆம் திகதி, காஸலில் ஓர் ஊர்வலம் நடந்தது. யோஸ்காட், குபாஷிக், ஷிம்ஷெக் குடும்பங்கள் முன்னால் நடந்தன. ஆயிரக்கணக்கானோர் பின்னால் வந்தார்கள், கிட்டத்தட்ட எல்லோரும் துருக்கியிலிருந்து வந்தவர்கள். தூக்கிப் பிடித்த பதாகையில் இருந்தது ஒரே வரி: பத்தாவது பலி வேண்டாம். அடுத்த மாதம் இங்கே டோட்முண்டிலும் நடந்தார்கள். பொலிஸ் ஆறு வருஷம் தேடியும் காணாததை அந்தத் தாய்மார் கண்டுவிட்டார்கள். யார் குறிவைக்கப்படுகிறார்கள், ஏன், இனியும் நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஜேர்மானியர்கள் பெரும்பாலும் அந்த ஊர்வலத்துக்கு வரவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும்: நாங்களும் போகவில்லை. அது துருக்கிக்காரரின் உள்வீட்டுப் பிரச்சினை என்று பத்திரிகையில் வாசித்ததை நானும் நம்பினேன்.

2011 நவம்பர் 4ஆம் திகதி ஐசனாக் நகரில் ஒரு வங்கிக் கொள்ளைக்குப் பிறகு, எரிந்துகொண்டிருந்த வாகன வீடு ஒன்றில் அந்த இரண்டு ஆண்களின் பிணங்கள் கிடைத்தன. அதே நாள் ஷேப்ப தாங்கள் இருந்த வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு ஓடினார், நாலு நாளில் சரணடைந்தார். கொலைகளைக் கொண்டாடி அவர்களே தயாரித்த காணொளி வெளியே வந்தது. அப்போதுதான் நாட்டுக்குத் தெரிந்தது. அதாவது, கொலையாளிகள் தாங்களே சொன்ன பிறகு.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளிவந்தவற்றை நம்பவே முடியவில்லை. ஜேனா மூவரும் பழகிய நாஜி அமைப்பின் தலைவர் உளவுத்துறையின் கூலி வாங்கிய தகவலாளி. சுமார் இரண்டு லட்சம் மார்க் வாங்கினார், அதை அமைப்பு வேலைக்கே செலவழித்ததாக அவரே சொன்னார். உண்மை வெளிவந்த சில நாட்களிலேயே கூட்டாட்சி உளவுத்துறையில் தகவலாளிகளின் கோப்புகள் துண்டு துண்டாக அரைக்கப்பட்டன. அடுத்த வருஷம் அதன் தலைவர் பதவி விலகினார். ஹாலிட் கொல்லப்பட்ட இணையக் கடையில் அந்த நேரத்தை ஒட்டி ஓர் உளவுத்துறை அதிகாரி கணினி முன் இருந்தார். தான் எதையும் காணவில்லை, கேட்கவில்லை என்றார். காஸல் இருக்கிற ஹெஸன் மாநிலம் தன்னுடைய உள் அறிக்கையை 120 வருஷத்துக்கு இரகசியம் என்று பூட்டியது, பிறகு 30 ஆகக் குறைத்தது. கொல்லப்பட்ட பொலிஸ்காரி கீசெவெட்டரின் சக பொலிஸார் இருவர், அன்று அவருடைய குழுத் தலைவராக இருந்தவர் உட்பட, சில வருஷத்துக்கு முன்பு கு க்ளக்ஸ் க்ளானின் ஜேர்மன் கிளையில் உறுப்பினர்களாக இருந்தவர்கள். கொலையோடு அதற்குத் தொடர்பு இருந்ததாக நிரூபணமாகவில்லை. ஆனால் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரைக் கட்டித் தூக்கிய அமைப்பின் சீருடையும், ஒரு ஜேர்மன் பொலிஸ் சீருடையும் ஒரே அலுமாரியில் தொங்கியிருக்கின்றன. உறுப்பினர் எண்ணிக்கை சொல்லாத ஆபத்து என்று நான் சொல்வது இதைத்தான்.

வேறு நாடுகளிலும் இதே கோளாறைப் பார்க்கலாம். 2011 ஜூலை 22, நோர்வேயில் 77 பேர் கொல்லப்பட்ட அன்று, முதல் சில மணி நேரம் எத்தனையோ நிபுணர்கள் தொலைக்காட்சியில் இஸ்லாமியக் குழுக்களைப் பற்றியே பேசினார்கள். செய்தவன் நோர்வேக்காரன். 2012 ஓகஸ்ட் 5, அமெரிக்காவின் ஓக் க்ரீக்கில் சீக்கியக் கோயிலுக்குள் ஒரு வெள்ளை இன மேலாதிக்கவாதி புகுந்து சுட்டதில் ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். படுக்கையில் கிடந்த ஏழாமவர் 2020இல் இறந்தார். அந்த நாளில் அமெரிக்காவின் வெறுப்புக் குற்றப் படிவத்தில் சீக்கியர் என்று குறிக்க ஒரு கட்டமே இல்லை. தாயைப் பறிகொடுத்த ஓர் இளைஞர் செனட் சபைக்கு முன் போய், என் தாய்க்கு ஒரு புள்ளிவிபரம் என்ற மரியாதையாவது கொடுங்கள் என்று கேட்டார். 2015இல்தான் சீக்கியரையும் இந்துக்களையும் அரபியரையும் தனியாக எண்ணத் தொடங்கினார்கள். எண்ணாத ஆபத்து சின்னதாகத்தான் தெரியும். 2019 மார்ச் 15, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர். பயங்கரவாதத் தடுப்பு வேலை அளவுக்கு மீறி இஸ்லாமியத் தீவிரவாதத்தின் பக்கமே குவிந்திருந்தது பொருத்தமில்லை என்று அங்கத்தைய விசாரணை ஆணையம் எழுதியது. அப்படிக் குவிந்திராவிட்டால் அவனைப் பிடித்திருக்கலாம் என்று ஆணையம் சொல்லவில்லை, அதையும் நான் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2020இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே, உள்நாட்டில் தொடர்ந்தும் அதிக உயிர் குடிக்கும் அச்சுறுத்தல் வெள்ளை இன மேலாதிக்கவாதிகள்தான் என்று அறிக்கையில் எழுதியது. அதற்கு முன் 2009இல் அதே துறை தீவிர வலதுசாரிகளைப் பற்றி எச்சரித்த அறிக்கையை, அரசியல் கூச்சல் தாங்காமல் பின்வாங்கியிருந்தார்கள்.

இப்போது குழுகூடத் தேவையில்லை. 2020 பெப்ரவரி 19 இரவு ஹனாவு நகரில் ஒன்பது இளையோரையும் பிறகு தன் தாயையும் கொன்றவன் எந்தக் குழுவிலும் இல்லை. சட்டப்படி உரிமம் பெற்ற துப்பாக்கிகள் வைத்திருந்தான். அவனைக் காரில் துரத்திக்கொண்டு போன ஓர் இளைஞர் பொலிஸ் அவசர எண் 110க்குத் திரும்பத் திரும்ப அழைத்தார், இணைப்புக் கிடைக்கவில்லை, அவரையும் சுட்டான். அதற்கு முந்தின வருஷம், அகதிகளுக்காகப் பேசிய வால்டர் லுப்க என்ற அரசியல்வாதியை அவருடைய வீட்டு முற்றத்தில் வைத்துக் கொன்றது காஸல் வட்டாரத்து நாஜி ஒருவன். ஹாலிட்டின் அதே காஸல்.

அப்படியானால் ஆபத்து எவ்வளவு? தேர்தலில் வலதுசாரிக் கட்சிக்கு வாக்களிக்கிற ஒவ்வொருவரையும் கொலைகாரர் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் மாடிக்குக் கீழ் வீட்டு முதியவர் யாருக்கு வாக்களிக்கிறார் என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் பொதிகளை வாங்கி வைத்தவரும் அவர்தான். அதே சமயம், இவர்கள் கொஞ்சப் பேர்தானே என்று சொல்கிறவரோடும் எனக்கு உடன்பாடில்லை. கொஞ்சப் பேரால் இந்த நாட்டின் அரசியலமைப்பு மாறியதை நான் ஹைமில் இருந்து பார்த்தேன். மூன்று பேரால் ஒன்பது குடும்பம் வருஷக்கணக்கில் தலைகுனிந்து நடந்தது. 1990க்குப் பிறகு தீவிர வலதுசாரிகளால் கொல்லப்பட்டவர்கள் எத்தனை என்று கேட்டால், அரசின் கணக்கு நூற்றுச் சொச்சம், இனவெறிக்கு எதிராக வேலை செய்கிற அமடேயு அன்டோனியோ அறக்கட்டளையின் கணக்கு இருநூறுக்கும் மேல். அந்த நூறு பேர் இடைவெளியில் கிடப்பவர்களும் செத்தவர்கள்தான்.

மாறவே இல்லை என்றும் சொல்லக் கூடாது. பாராளுமன்ற விசாரணைக் குழுவில் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து 2013இல் 47 பரிந்துரைகள் எழுதின. 2015இலிருந்து, தண்டனை கொடுக்கும்போது இனவெறி நோக்கத்தைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ ஏதாவது நடந்து பொலிஸுக்குப் போனால், "இது இனவெறியால் நடந்தது என்று நான் நினைக்கிறேன்" என்ற வசனத்தை வாக்குமூலத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரிடம் கேளுங்கள், அவர் உங்களுக்காக அதைச் சொல்லத்தான் வேண்டும். வலதுசாரி வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச ஆலோசனை நிலையங்கள் பல நகரங்களில் உண்டு, டோட்முண்டிலும் உண்டு. பள்ளிக்கூடத்தில் யாரோ ஏதோ சொன்னான் என்று பிள்ளை வந்து சொன்னால், "நீ கவனிக்காதே" என்று நாங்கள் வழக்கமாகச் சொல்வதை விட்டுவிட்டு, யார், எங்கே, என்ன சொன்னான் என்று கேளுங்கள்.

மியூனிக் நீதிமன்றத்தில் வழக்கு 2013 மே மாதம் தொடங்கி, 438 அமர்வு நாட்கள் நடந்தது. 2018 ஜூலை 11ஆம் திகதி ஷேப்பவுக்கு ஆயுள் தண்டனை. உதவிய நால்வருக்கும் தண்டனை. யார் எங்கே ஆள் காட்டிக் கொடுத்தார்கள், டோட்முண்டில் அந்தச் சின்னக் கடையை எப்படித் தெரிந்தெடுத்தார்கள் என்ற கேள்விகளுக்குக் குடும்பங்களுக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை. மெஹ்மெட்டின் மனைவி எலிஃப் குபாஷிக் அந்த நீதிமன்றத்தில் எழுந்து நின்று, ஒன்பது உயிரை அழித்துவிட்டதால் நாங்கள் இந்த நாட்டை விட்டுப் போய்விடுவோம் என்று அவர்கள் நினைக்க வேண்டாம், நாங்கள் இந்த நாட்டின் ஒரு பகுதி, இங்கேதான் தொடர்ந்து வாழ்வோம் என்றார். தன் பேரன் மெஹ்மெட் இங்கேதான் பிறந்தான் என்றும் சொன்னார்.

ஹாலிட்டின் தகப்பன் இஸ்மாயில் யோஸ்காட் 2012இல் பேர்லின் நிகழ்வில் பேசியபோது, அரசு கொடுக்கிற காசு எங்களுக்கு வேண்டாம் என்றார். மூன்று விருப்பங்கள் சொன்னார். கொலைகாரரையும் உதவியவர்களையும் பிடிக்க வேண்டும். இறந்த பத்துப் பேரின் நினைவாகப் புற்றுநோயாளிகளுக்கு ஓர் அறக்கட்டளை வேண்டும். காஸலில் ஹொலண்டிஷ வீதிக்கு ஹாலிட் வீதி என்று பெயர் வைக்க வேண்டும், ஏனென்றால் என் மகன் பிறந்ததும் அங்கேதான், கொல்லப்பட்டதும் அங்கேதான் என்றார். நகரசபை யோசித்துவிட்டு, பக்கத்தில் பெயரில்லாமல் இருந்த ஒரு சதுக்கத்துக்கு ஹாலிட் சதுக்கம் என்று பெயர் வைத்தது. ட்ராம் நிறுத்தத்திலும் இப்போது அந்தப் பெயர் இருக்கிறது. அடுத்தடுத்து வந்த ஏப்ரல் 6ஆம் திகதிகளிலும் அந்தத் தகப்பன் அதே இடத்துக்கு வந்து நின்று, வீதியைத்தான் கேட்டார்.

நன்றி, வணக்கம்.